காற்றுக்கும் அளவு உண்டு: வானிலைச் செய்தியில் வரும் ஆங்கிலச் சொற்கள்

(வானொலி வேளாண் உரை)

ஐப்பசி பிறந்துவிட்டால் டீக்கடையிலே பேச்சே மாறிப்போகிறது. "வங்கக் கடல்லே டிப்ரஷன் உருவாயிருக்காம்." "டீப் டிப்ரஷனா ஆயிடுச்சாம்." "நம்ம ஜில்லாவுக்கு ரெட் அலர்ட் குடுத்துட்டாங்க." செல்போனைப் பார்த்து ஒருத்தர் படிக்க, நாலு பேர் கேட்கிறார்கள். கேட்டவர்களில் சில பேர் பயந்துபோய், இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கிற நெல்லை அவசரமாக அறுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். வேறு சில பேர், "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரலே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம்தான் வருகிறது.

வானிலைச் செய்தியிலே வருகிற ஆங்கில வார்த்தை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அளவு இருக்கிறது. நிலத்துக்கு ஏக்கர், பாலுக்கு லிட்டர், நெல்லுக்கு மூட்டை என்று கணக்கு வைத்திருக்கிற மாதிரி, காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால், வருகிற காற்று வாழையைச் சாய்க்குமா, ஓட்டைப் பறக்கவிடுமா, தென்னையைப் பிடுங்குமா என்று நாமே சொல்லிவிடலாம். எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது, அதற்குள் எந்த வேலையை முதலில் பார்ப்பது என்பதும் விளங்கிவிடும். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

நம் பெயரும் அவர்கள் பெயரும்

நம்ம பெரியவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்தது திசையைப் பார்த்து. வடக்கேயிருந்து வந்தால் வாடை, தெற்கேயிருந்து வந்தால் தென்றல், கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், மேற்கேயிருந்து வந்தால் கோடை. எந்தக் காற்று மழை கொண்டுவரும், எந்தக் காற்று பயிரை வாட்டும் என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது.

ஆங்கிலத்திலே காற்றின் பெயர் பெரும்பாலும் வேகத்தைச் சொல்லும். மெல்ல வீசினால் 'பிரீஸ்'. பலமாக வீசினால் 'கேல்'. அதற்கும் மேலே போனால் 'ஸ்டார்ம்'. எல்லாவற்றுக்கும் உச்சியிலே 'ஹரிகேன்'. இப்படிப் படிப்படியாக வகுத்துக் கொடுத்தவர் பிரான்சிஸ் போபர்ட் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. 1805-ஆம் ஆண்டிலே, கப்பலின் பாயை எந்த அளவுக்கு விரிக்கலாம் என்று பார்த்து, காற்றை 0 முதல் 12 வரை பிரித்தார். பிறகு வந்தவர்கள், கரையிலே இருக்கிறவர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று, மரமும் புகையும் எப்படி அசையும் என்பதை அதோடு சேர்த்தார்கள். அதனால் கருவி எதுவும் இல்லாமலே, நம்ம தோட்டத்து மரத்தைப் பார்த்தே காற்றை அளந்துவிடலாம்.

மரத்தைப் பார்த்துக் காற்றை அளப்பது

அடுப்புப் புகை நேரே மேலே போனால் காற்று இல்லை. அதற்கு 'காம்' என்று பெயர், எண் 0. புகை ஒரு பக்கம் சாய்ந்தால் எண் 1.

முகத்திலே காற்றுப் படுகிறது, வேப்பிலை சலசலக்கிறது என்றால் 'லைட் பிரீஸ்', எண் 2. மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர் வேகம். மருந்து தெளிக்க இதுதான் நல்ல காற்று. அரச மரத்தைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். அந்த இலை சும்மாவே ஆடும்.

இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடினால் 'ஜென்டில் பிரீஸ்', எண் 3. வேகம் 12 முதல் 19. நெல் தூற்ற நல்ல காற்று. மருந்து தெளிப்பதானால் கவனம் வேண்டும். புழுதியும் சருகும் கிளம்பினால் எண் 4, வேகம் 20 முதல் 28. இந்தக் காற்றிலே தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். தெளிக்கிற மருந்து பக்கத்துக் காட்டுக்கும் உங்கள் மூக்குக்கும்தான் போகும்.

சின்ன மரங்கள் ஆட ஆரம்பித்தால் எண் 5, வேகம் 29 முதல் 38. பெரிய கிளை ஆடுகிறது, மின்கம்பி விசிலடிக்கிறது, குடை பிடிக்க முடியவில்லை என்றால் எண் 6, வேகம் 39 முதல் 49. குலை தள்ளிய வாழைக்கு முட்டு இல்லாவிட்டால், ஆபத்து இங்கேயே ஆரம்பித்துவிடும்.

மரம் முழுவதும் ஆடுகிறது, எதிர்க்காற்றிலே நடக்கச் சிரமமாக இருக்கிறது என்றால் எண் 7, வேகம் 50 முதல் 61. சிறு கிளைகள் ஒடிந்து விழுந்தால் அதுதான் 'கேல்', எண் 8, வேகம் 62 முதல் 74. ஓடு பறந்தால் எண் 9, வேகம் 75 முதல் 88. மரம் வேரோடு சாய்ந்தால் எண் 10, வேகம் 89 முதல் 102. எண் 12 என்றால் 118-க்கு மேலே. அங்கே மரத்தைப் பார்க்க யாரும் வெளியே நிற்கக்கூடாது.

இதிலே முக்கியமான விஷயம் ஒன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளுகிற பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. முப்பது கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய முட்டுக்கம்பு அறுபதையும் தாங்கும் என்று நினைக்கவேண்டாம். அது நான்கு ஆள் சேர்ந்து தள்ளுகிற மாதிரி.

'நாட்' என்றால் என்ன, 'கஸ்ட்' என்றால் என்ன?

சில செய்திகளிலே காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கிலே சொல்வார்கள். அது கப்பல்காரர்கள் கணக்கு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். நாட் கணக்கை இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் கிலோமீட்டர் வந்துவிடும். 30 நாட் என்றால் சுமார் 55 கிலோமீட்டர்.

அடுத்தது 'கஸ்ட்'. "மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 80 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும்" என்று செய்தியிலே கேட்டிருப்பீர்கள். முதலில் சொன்னது சராசரி வேகம். நம்ம நாட்டு வானிலைத் துறை மூன்று நிமிஷக் காற்றைச் சராசரி பார்த்து அதைச் சொல்கிறது. 'இடையிடையே' என்று சொன்னதுதான் கஸ்ட். சில விநாடி மட்டும் ஓங்கி அடித்துவிட்டு அடங்கிவிடும். மரத்தை ஒடிப்பதும், கூரையைத் தூக்குவதும் பெரும்பாலும் அந்தச் சில விநாடிதான். ஆகவே முட்டுக் கொடுப்பதானாலும் கூரையைக் கட்டுவதானாலும், பின்னால் சொல்கிற பெரிய எண்ணைக் கணக்கிலே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே செய்தியிலே கடல் மேலே வீசும் காற்றுக்கு ஒரு எண்ணும், கரையோரத்துக்கு ஒரு எண்ணும், உள் மாவட்டங்களுக்கு ஒரு எண்ணும் தனித்தனியாக வரும். கடல் எண் மீனவர்களுக்கு. நம்ம மாவட்டத்து எண் எது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும்.

தாழ்வுப் பகுதியிலிருந்து புயல் வரை

வயலிலே ஒரு இடம் பள்ளமாக இருந்தால் சுற்றியுள்ள தண்ணீர் அங்கே ஓடிவருகிறது அல்லவா? காற்றும் அப்படித்தான். கடல் சூட்டிலே ஒரு இடத்துக் காற்று மேலே எழும்பி, அங்கே அழுத்தம் குறைந்துவிட்டால், சுற்றியுள்ள காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. அந்த அழுத்தப் பள்ளத்துக்குத்தான் 'லோ' என்று பெயர். 'டிப்ரஷன்' என்ற சொல்லுக்கும் பள்ளம், தாழ்வு என்றுதான் பொருள். பூமி சுழல்வதாலே, ஓடிவருகிற காற்று நேரே வராமல் வளைந்து சுழல ஆரம்பிக்கிறது. பள்ளம் ஆழமாக ஆக, சுழற்சி வேகமாகிறது. அந்த வேகத்தை வைத்துத்தான் பெயர் மாறுகிறது.

மணிக்கு 31 கிலோமீட்டருக்குள் இருந்தால் 'லோ பிரஷர் ஏரியா', அதாவது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை 'டிப்ரஷன்', காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை 'டீப் டிப்ரஷன்', ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் 'சைக்ளோனிக் ஸ்டார்ம்', புயல். மேலே சொன்ன 'கேல்' காற்றும் இதே 62-இலேதான் ஆரம்பிக்கிறது. சிறு கிளை ஒடிகிற காற்று எதுவோ, அதுதான் புயலின் வாசற்படி.

89 முதல் 117 வரை 'சிவியர்', தீவிரப் புயல். மரம் வேரோடு சாய்கிற வேகம் இது. 118 முதல் 166 வரை 'வெரி சிவியர்'. 167 முதல் 221 வரை 'எக்ஸ்ட்ரீம்லி சிவியர்'. அதற்கு மேலே போனால் 'சூப்பர் சைக்ளோன்'. இந்த மேல்படிகளுக்கு மிகத் தீவிரம், அதிதீவிரம் என்று தமிழிலே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வதுண்டு. பெயரிலே குழப்பம் வந்தால், கூடவே சொல்கிற கிலோமீட்டர் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2004-ஆம் ஆண்டிலிருந்து நம்ம பக்கத்துக் கடல்களில் உருவாகிற புயல்களுக்குத் தனித்தனியாகப் பெயர் வைக்கிறார்கள். தானே, வர்தா, கஜா, நிவர் எல்லாம் அப்படி வந்தவை. தாழ்வு மண்டலமாக இருக்கும்வரை பெயர் கிடையாது. "பேரு வச்சுட்டாங்களாம்" என்று காதிலே விழுந்தால், காற்று 62-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

'சைக்ளோன்' என்ற சொல் பிறந்தது நம் நாட்டிலேதான். கல்கத்தாவிலே இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், வங்கக் கடலில் கப்பல்களைக் கவிழ்த்த புயல்களை ஆராய்ந்து, 1848-இலே எழுதிய ஒரு புத்தகத்தில் இந்தப் பெயரைச் சூட்டினார். வட்டம், பாம்புச் சுருள் என்று பொருள் தருகிற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. அமெரிக்கப் பக்கம் இதையே 'ஹரிகேன்' என்பார்கள். சீனா, ஜப்பான் பக்கம் 'டைபூன்' என்பார்கள். ஊருக்கு ஒரு பெயர், ஆனால் எல்லாம் ஒரே ஜாதிப் புயல்தான்.

எல்லா 'ஸ்டார்மும்' புயல் அல்ல

இந்த இடத்திலே நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். ஆங்கிலத்திலே 'ஸ்டார்ம்' என்பது பொதுச் சொல். 'தண்டர் ஸ்டார்ம்' என்றால் இடி மின்னலோடு வருகிற மழை. 'ஹெயில் ஸ்டார்ம்' என்றால் ஆலங்கட்டி மழை. 'டஸ்ட் ஸ்டார்ம்' என்றால் புழுதிக் காற்று. இவை எதுவும் கடலிலிருந்து நாள் கணக்கிலே நடந்து வருகிற புயல் அல்ல.

புயல் இல்லையே என்று அலட்சியமாகவும் இருக்கக்கூடாது. சித்திரை வைகாசியிலே, மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். சாயங்காலம் ஒரு மூலையிலே கறுத்துக்கொண்டு வரும். திடீரென்று குளிர்ந்த காற்று சீறிக்கொண்டு வந்து, பத்து நிமிஷத்திலே வாழைத்தோப்பைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விடும். இதற்குப் பெயர் 'ஸ்குவால்', சூறைக்காற்று. இடிமேகத்துக்குள்ளே மழையோடு சேர்ந்து குளிர்ந்த காற்று பாரமாகக் கீழே இறங்கி, தரையிலே மோதி நாலா பக்கமும் சிதறி ஓடுவதாலே இது உண்டாகிறது.

கஸ்ட் சில விநாடி. ஸ்குவால் சில நிமிஷம். புயல் பல மணி நேரம். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே எச்சரிக்கை வரும். ஸ்குவாலுக்கு மிஞ்சிப்போனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். அதற்குள் ஆயிரம் வாழைக்கு முட்டுக் கொடுக்க யாராலும் முடியாது. ஆகவே கோடையிலே குலை தள்ளுகிற வாழைக்கு, குலை தள்ளும்போதே சவுக்குக் கம்போ மூங்கிலோ நட்டுக் கட்டிவிடவேண்டும். மண் அணைப்பதையும் முன்கூட்டியே முடித்துவிடவேண்டும். காற்று வருகிற பக்கத்து வரப்பிலே சவுக்கை நெருக்கமாக நட்டு வேலிபோல வளர்த்தால், மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும்.

மேகம் கறுத்து இடி கேட்க ஆரம்பித்ததும் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மோட்டார் கொட்டகைக்குள் போய் ஸ்விட்சைத் தொடாதீர்கள். மாட்டையும் மரத்திலே கட்டவேண்டாம்.

'லேண்ட்பால்', 'ஐ', 'சர்ஜ்'

'லேண்ட்பால்' என்றால் புயல் கரையைக் கடப்பது. புயலின் நடுப்புள்ளி கரையைத் தாண்டுகிற இடத்தையும் நேரத்தையும்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் புயல் ஒரு புள்ளி அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் உள்ள சுழல். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையிலே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஆனால் தென்னை விழுந்தது கடற்கரையிலே மட்டுமா? பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததே. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், பண்ருட்டிச் சீமையின் பலாவையும் முந்திரியையும் ஒரே காலையிலே முறித்துப்போட்டது. "அங்கேதானே கரை கடக்குது, நமக்கென்ன" என்று இருக்கக்கூடாது.

'ஐ' என்றால் கண். நன்றாக வளர்ந்த புயலின் நடுவிலே காற்று அடங்கி அமைதியான ஒரு வட்டம் இருக்கும். அது நம் ஊர்மேலே வரும்போது, அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுவிடும். "அப்பாடா, ஓஞ்சுபோச்சு" என்று மாட்டைப் பார்க்கவும், விழுந்த மரத்தை வெட்டவும் ஜனங்கள் வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்திலே எதிர்த்திசையிலிருந்து அதே பலத்தோடு காற்று திரும்ப அடிக்கும். ஒரு பக்கமாக வேர் அசைந்து நிற்கிற மரம், இந்த இரண்டாவது அடியிலே விழுந்துவிடும். ஆகையாலே காற்று திடீரென்று நின்றால் வெளியே வராதீர்கள். படிப்படியாகக் குறைந்தால்தான் புயல் போகிறது என்று அர்த்தம்.

புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நாமே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காற்று முதுகிலே படும்படி திரும்பி நில்லுங்கள். புயலின் நடு உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். நம்ம கிழக்குக் கரைக்குக் கிழக்கேயிருந்து புயல் வரும்போது, முதலிலே பெரும்பாலும் வடக்குக் காற்றாக ஆரம்பிக்கும். அது வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மாறிக்கொண்டு போனால், புயல் உங்கள் ஊருக்குத் தெற்கே கடக்கிறது. வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறினால் வடக்கே கடக்கிறது. திசை மாறாமலே வேகம் மட்டும் ஏறிக்கொண்டு போனால், நடுப்புயல் உங்களை நோக்கியே வருகிறது.

'சர்ஜ்' என்றால் கடல் பொங்கி ஏறுவது. கடற்காற்று தண்ணீரைக் கரைமேலே தள்ளுகிறது. நம்ம கிழக்குக் கரையிலே புயல் கடக்கிற இடத்துக்கு வடக்குப் பக்கம்தான் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். அங்கேதான் சர்ஜ் அதிகம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ரயிலையே கொண்டுபோனது இப்படிப் பொங்கிய கடல்தான். கரையோரத்து ஊர்க்காரர்களை மேட்டுக்குப் போகச் சொன்னால், அந்த நேரத்திலே பயிரையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

'வாட்ச்', 'அலர்ட்', 'வார்னிங்'

இந்த வார்த்தைகள் நமக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று சொல்பவை.

முதலிலே வருவது 'பிரீ சைக்ளோன் வாட்ச்'. சுமார் 72 மணி நேரம் முன்னாலே வரும். கவனித்துக்கொண்டிருங்கள் என்று அர்த்தம். இந்த நேரத்திலே உரம் போடுவதையும் மருந்து அடிப்பதையும் நிறுத்திவையுங்கள். வடிகாலில் இருக்கிற புல், ஆகாயத்தாமரையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது 'சைக்ளோன் அலர்ட்', மஞ்சள் நிறம். மோசமான வானிலை ஆரம்பிக்க 48 மணி நேரம் முன்னாலேயாவது வரும். முற்றிய நெல்லை அறுத்துக் கரையேற்றுவதற்கு இதுதான் நேரம். பாதிக்கு மேலே பச்சையாக இருப்பதை அறுக்கவேண்டாம். முக்கால் பங்கு விளைந்த வாழைத்தாரை வெட்டிவிடுங்கள். மீதிக்கு முட்டைச் சரிபாருங்கள். தென்னையிலே முற்றின காயையும் இளநீரையும் இறக்கி, தொங்குகிற அடிமட்டைகளைக் கழித்துவிடுங்கள். தலைப்பாரம் குறைந்தால் மரம் பிழைக்கும். பலா, மா, முந்திரியிலே நீண்டு போன கிளைகளைக் குறைக்கவேண்டும். கரும்புக்குச் சோகை உரித்து இரண்டு வரிசையைச் சேர்த்து விட்டம் கட்டுங்கள். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். மண் இளகினால் வேர்ப்பிடிப்பு போய்விடும்.

மூன்றாவது 'சைக்ளோன் வார்னிங்', ஆரஞ்சு நிறம். 24 மணி நேரம் முன்னாலே வரும். இப்போது பயிர் வேலையை விட்டுவிட்டு மாடு, ஆடு, விதை, தீவனம், வீட்டுக் கூரை ஆகியவற்றைப் பாருங்கள். மாட்டை மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். கூரை வலுவில்லாத கொட்டகையிலே கட்டிப்போட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாகச் சிவப்பு. கரை கடக்க சுமார் 12 மணி நேரம் முன்னாலே, கடந்த பிறகு உள்நாட்டிலே எப்படி இருக்கும் என்று சொல்வது. அப்போது தோப்புக்கும் வயலுக்கும் போகவே கூடாது.

மழைக்கும் மஞ்சள், ஆரஞ்சு, ரெட் என்று தனியாக நிறம் கொடுக்கிறார்கள். டீக்கடையிலே பேசுகிற 'ரெட் அலர்ட்' பெரும்பாலும் மழைக்குக் கொடுத்ததாக இருக்கும். அதனாலே நிறத்தைக் கேட்டதும், எதற்குக் கொடுத்தார்கள், மழைக்கா காற்றுக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பெயர், பெரிய வெள்ளம்

இவ்வளவு நேரம் சொன்ன படிக்கட்டு எல்லாம் காற்றுக்குத்தான். மழைக்கு அல்ல. "புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமாயிடுச்சு" என்று கேட்டதும் வடிகாலைப் பார்க்காமல் படுத்துவிடுகிறோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல், படிக்கட்டிலே முதல் படிப் புயல்தான். 'சிவியர்' கூட இல்லை. ஆனால் அது நகராமல் நின்றதாலே விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வலுவிழந்து உள்ளே போன பிறகு, கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிற ஊத்தங்கரையிலும் அதே அளவு கொட்டியது. தென்பெண்ணை பெருகி வயலெல்லாம் மணல் மூடியது.

ஒரு ஏக்கரிலே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர் தண்ணீர். 20 சென்டிமீட்டர் என்றால் 8 லட்சம் லிட்டர். உங்கள் வாய்க்கால் அதை வடிக்குமா என்று கணக்குப் பாருங்கள். காற்றுக்கு ஒரு காது, மழை அளவுக்கு ஒரு காது வைக்கவேண்டும்.

இன்சூரன்ஸ் காகிதத்திலே

பயிர் காப்பீட்டிலும் இதே வார்த்தைகள் வருகின்றன. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலே, அறுத்து வயலிலே காயப்போட்ட பயிர் சைக்ளோனாலோ, சைக்ளோன் மழையாலோ, ஆலங்கட்டி மழையாலோ, பருவம் தப்பிய மழையாலோ 14 நாளுக்குள் கெட்டுப்போனால் இழப்பீடு கேட்க இடம் உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்கவேண்டும். வாழை போன்ற தோட்டப் பயிருக்கு விதி வேறு. ஆகவே பிரீமியம் கட்டும்போதே உங்கள் பயிருக்கு எந்தெந்தக் காற்று மழை சேர்த்தி, அது தாலுகாவிலே எந்த நிலையத்து அளவுப்படி என்று வேளாண்மை அலுவலகத்திலே கேட்டுவையுங்கள். சேதம் நடந்தால் தேதியையும் நேரத்தையும் எழுதிவைத்து, சாய்ந்த பயிரைப் போட்டோ எடுங்கள். "புயல்லே போச்சு" என்று பொதுவாக எழுதாமல், நடந்தது சூறைக்காற்றா, ஆலங்கட்டியா, புயல் மழையா என்று சரியாக எழுதவேண்டும்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "டீப் டிப்ரஷன் அடுத்த 24 மணி நேரத்தில் சைக்ளோனிக் ஸ்டார்மாக வலுப்பெறும். கடலோர மாவட்டங்களில் நாளை மறுநாள் காற்று மணிக்கு 60 முதல் 70 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 80 கிலோமீட்டர் வேகத்திலும் வீசும். ஓரிரு இடங்களில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யும்."

இனிமேல் இது உங்களுக்குப் புரியாத பாஷை இல்லை. இப்போது காற்று 50-க்கும் 61-க்கும் நடுவே இருக்கிறது. நாளைக்கு 62-ஐத் தாண்டும், பெயரும் வைப்பார்கள். கரையோரத்திலே சிறு கிளை ஒடியும். 80 என்று சொன்ன கஸ்டிலே ஓடு பறக்கும். முட்டில்லாத வாழை நிற்காது. தென்னை பெரும்பாலும் நிற்கும், ஆனால் காய்ப்பாரத்தை இறக்கிவிடுவது நல்லது. மழை ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். கையிலே இருப்பது இன்றைக்கும் நாளைக்கும் உள்ள பகல் பொழுது. முதலில் வடிகால், அடுத்து முற்றின கதிர், பிறகு வாழை, கடைசியாக மாடும் வீடும்.

காற்றைத் தடுக்க நம்மால் முடியாது. அது வருவதற்கு முன்னால் இருக்கிற இரண்டு பகல் நம் கையிலே இருக்கிறது. இந்த வருஷம் ஐப்பசிக்கு முன்னாலேயே, 31, 50, 62, 89, 118 என்ற ஐந்து எண்ணையும் மோட்டார் கொட்டகைச் சுவரிலே கரியாலே எழுதிவையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு, செல்போனில் வருகிற செய்தியை முழுசாகப் படிக்கச் சொல்லி, அந்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.